தொப்பிக்காரன் போட்ட ‘ங்க’

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பேத்தி டிவியில் எதையோ தேடப்போய் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் சிக்கிக்கொண்டாள். உயரத் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவன் மாடிப்படியில் தடதடவென்று ஆடி இறங்குகிறான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு வெயிலில் காய்ந்த கேசட் டப்பாவின் நெடி வந்துவிட்டது. சத்தத்துக்கு ஏது நெடி என்று கேட்காதீர்கள், வரும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீடியோ கேசட் கடையில் அப்போது எனக்கு வேலை. பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவனுக்கு இங்கிலீஷ் படப் பகுதியைத்தான் கொடுத்தார்கள். ஹாலிவுட்டில் படம் பேசத் தொடங்கிய காலத்து ஆட்டபாட்டச் சிரிப்புப் படங்கள் சில, யாரும் எடுக்காமல் அடித்தட்டில் கிடக்கும். வாரம் ஒன்றை நாமக்கல் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

ஹோட்டல் வாசலில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். பாதிச் சண்டையில் எங்கிருந்தோ வயலின் கேட்கும். சுருட்டை முடிக்காரி தன் கோபத்தையே பாட்டாக எடுத்து, கூரை வரைக்கும் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவைப்பாள். “இவ எப்பத்தான் மூச்சு உடறா?” என்று அம்மா கவலைப்படுவாள். பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அந்தச் சுத்தியலும் ஆட்டக்காரன் காலும் தாளம் சேர்ந்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம்.

அக்கா அப்போது எங்களோடுதான் இருந்தாள். மாமா, அவள் வீட்டுக்காரர், போர்வெல் வண்டி டிரைவர். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வடக்கே கிணறு தோண்டக் கிளம்பிப்போனவர், மழையில் வேலை நின்ற பிறகுதான் திரும்பினார். அதற்குள் அக்கா துணிமணியோடு வந்துவிட்டாள். மாமா ஞாயிறுதோறும் வருவார், அப்பாவோடு மழையைப் பற்றிப் பேசுவார், போவார். அக்கா முகம் கொடுக்க மாட்டாள். வண்டி மறுபடி வடக்கே கிளம்ப இருந்த வாரம் அது. இப்போது விட்டால் அடுத்த மழைவரைக்கும் இப்படியேதான். அந்த ஞாயிறு நான் படத்தைப் போட்டதும் மாமாவும் பார்க்க உட்கார்ந்தார்.

“ஏம் மாப்பள, இங்கிலீஷ் கடையில வேல பாக்கறயே, அவன் என்ன சொல்றான்?” என்றார் மாமா.

“சத்தம் தெளிவா இல்லீங்க மாமா.”

“அப்ப நாஞ் சொல்றேன் கேளு.”

திரையில் தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான். மாமா அவனுக்குக் குரல் கொடுத்தார்: “ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்கு வாரீங்களா?”

அம்மா சிரித்துவிட்டாள். நாங்கள் ஆட்டுக்குட்டிக்குக்கூட ‘ங்க’ போடுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கட்டிய பெண்டாட்டிக்குப் போடுகிறவரை நான் பார்த்ததில்லை. மாமாவுக்கு அக்கா எப்போதும் ‘ஏ புள்ள’தான்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுருட்டை முடிக்காரி வாயெடுத்ததும் மெதுவாகச் சொன்னாள்: “சொல்லாமக் கொள்ளாமப் போறவங்க ஊட்டுக்கு எதுக்கு வாரதுன்னு கேக்கறா.”

“இனிச் சொல்லிட்டுத்தான் போவனுங்க.”

“போன தடவ?”

“தப்புத்தானுங்க.”

அப்பா எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். எங்கள் வீட்டில் மாட்டை விற்று வெகுகாலம் ஆகியிருந்தது. பாட்டு முடிந்ததும் அக்கா, “வாராளாம்” என்றாள். அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏறுமுன்பே மாமா ‘ஏ புள்ள’வுக்குத் திரும்பிவிட்டார். சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். பட்டறையும் ஊருக்கு வெளியே போய்விட்டது. மாமாவும் இல்லை, அந்தக் கடைசி முறை அவராலும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

பேத்தி படத்துக்கு அடியில் தமிழ் எழுத்தை ஓடவிட்டாள். அதே படம்தான். தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான். கீழே வந்தது: ‘என் குடையைப் பார்த்தாயா?’

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் படித்தாள்.

“அந்த எழுத்த எடுத்துடு சாமி,” என்றாள். “தப்பாப் போட்டிருக்குது.”

எழுத்து போயிற்று. தொப்பிக்காரன் வெறும் இங்கிலீஷில் என்னவோ பேசிக்கொண்டிருந்தான்.