மழைக்கு மட்டும் குடியிருந்தவர்

கடலோரத்தில் ஒரு வீடு, வாசலைத் தாண்டினால் மணல், மாதக்கணக்கில் தங்கலாம், உங்கள் ஊர் வாடகையில் பாதிகூட ஆகாது என்று யாராவது சொன்னால் உடனே படம் அனுப்பச் சொல்கிறீர்களே, அந்த வீட்டில் போன மாதம் வரை யார் குடியிருந்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கத் தோன்றாதபடிதான் அந்த வீட்டைத் துடைத்து வைத்திருப்பார்கள். அப்படித் துடைத்து வைத்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தெருவில் அவரை இஸ்திரி அக்கா என்பார்கள். கரிப்பெட்டியைப் பிடித்துப் பிடித்து வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பேச்சு மட்டும் யாருக்கும் இறங்கிப் போகாது. கணவர் சுற்றுலாப் படகுகளின் இயந்திரம் பழுது பார்ப்பவர். கூடவே அக்காவின் தங்கை. தங்கையின் புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, எப்போதாவது விடுப்பில் வந்துபோவார். இவர்கள் மூன்று பேருக்கும் வீடு என்று ஒன்று இருந்தது, ஆனால் வருஷத்தில் பாதிதான் இருந்தது.

அந்த ஊரில் காலம் என்றால் இரண்டுதான், வெயில், மழை. வெயில் வந்தால் வெளிநாட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை பார்க்கிறவர்கள். தங்கள் ஊர்க் குளிரில் வீட்டைச் சூடாக வைத்திருக்க ஆகிற செலவுக்கு இங்கே அவர்களுக்கு ஒரு வீடே கிடைக்கிறது. அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை. மலிவாகக் கிடைத்தால் நீங்களும் நானும் மட்டும் விட்டுவிடுவோமா? மழை தொடங்கினால் கிளம்பிவிடுவார்கள். ஆகவே ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை. சீசன் வாடகை அவர்களுக்கு, மழை வாடகை உள்ளூர்க்காரர்களுக்கு. முதல் மழைக்குச் சாவி கைக்கு வரும். மழை ஓய்ந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டை கட்ட வேண்டும். அந்தத் தெருவிலேயே பிறந்தவர்கள்கூட அங்கே பாதி வருஷத்து விருந்தாளிகள்தான்.

மூட்டை போய்ச் சேரும் இடம், பஸ் நிலையத்துக்கு அப்பால், மூடிக் கிடந்த ஒரு ஐஸ் தொழிற்சாலையின் பின்புறம். தகரக் கொட்டகைகள். வெயிலில் தகரம் காய்ந்து, உள்ளே இருக்கிற ஆளை அவித்தெடுக்கும். தண்ணீருக்கு ஒரே குழாய். பொழுது சாய்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் கிடையாது.

போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கியிருக்கும். வீட்டில் ஆள் இருந்த அடையாளமே தெரியக்கூடாது என்பது புரோக்கரின் உத்தரவு. அக்கா சுவரிலிருந்து ஆணிகளைப் பிடுங்குவார். அடுப்பங்கரைக் கரியைத் தேய்த்துக் கழுவுவார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் தலை எண்ணெய் படிந்திருக்கும், அதையும் சோப்பு போட்டு எடுப்பார். பிறகு சீசன் முழுக்கக் கொட்டகையிலிருந்து பஸ் ஏறி வருவார், இஸ்திரி வேலைக்கு. தான் படுத்த கட்டிலுக்கு விரிக்கப் போகிற துணியைத் தானே தேய்த்து, தன் வீட்டு வாசலில் தானே மணியடித்து, கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

வலித்திருக்காதா? கேட்டால் சிரிப்பார். "மணியடிச்சா உடனே கதவைத் திறக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்தா அரை மணி நேரம் ஆகும்."

புரோக்கரை எல்லோரும் சாவிக்கொத்து என்றே கூப்பிட்டார்கள். இடுப்பில் தொங்கும் கொத்து சலசலக்க, ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். "உங்களுக்காகத்தான் மழைக்கு இவ்வளவு கம்மியா விடறோம், சும்மா குடுக்கற மாதிரி" என்பது அவர் வாய்ப்பாடு. தெருவே அதை நம்பியது. தயவு காட்டுகிறார்கள் என்று நன்றி சொல்லியது. கொட்டகைப் பக்கத்துக் காவல்காரர், எல்லாம் அவனவன் தலைவிதி என்பார். விதியாம்! எந்த விதியும் இடுப்பில் சாவி கட்டிக்கொண்டு நடப்பதில்லை. மனிதன் போட்ட ஏற்பாட்டை இயற்கை என்று நம்பவைத்துவிட்டால் அப்புறம் காவலுக்கு ஆளே வேண்டாம்.

அந்தத் தயவின் உள்ளே என்ன இருந்தது என்று அக்காவின் மழைக்கால வேலையைப் பார்த்தால் தெரியும். மழை கொஞ்சம் விட்டால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவார். அலமாரிகளைச் சுவரை விட்டுத் தள்ளி வைப்பார். மெத்தைகளைப் படுக்கவிடாமல் நிமிர்த்திச் சாய்ப்பார். இஸ்திரி மேசையை இன்று இந்த அறை, நாளை அடுத்த அறை என்று நகர்த்திக்கொண்டே இருப்பார், கீழ் வீட்டில் மட்டுமல்ல, சீசனில் தனி வாடகைக்குப் போகும் மாடியிலும். கரிச் சூட்டில் துணியோடு அறையும் காயும். மழைநாளில் இஸ்திரிக்கு அப்படியொன்றும் துணி வராது. ஆனாலும் பெட்டி அணையாது. கணவர் கேலி செய்வார்: "சுவத்துக்கும் மடிப்பு வச்சுத் தேச்சுடு."

இப்படியே போயிருக்கும். ஒரு சீசனின் கடைசியில் தங்கை முழுகாமல் இருப்பது தெரிந்தது. டாக்டரம்மா சொன்ன நாளை வைத்துப் பார்த்தால் பிரசவம் மழை ஓயும் சமயத்தில் வருகிறது. அதாவது, குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தகரத்தின் அடியில் போய் விழும். அக்காவுக்கு அந்தக் கணக்கு தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது.

முதல் மழைக்குச் சாவிக்கொத்து வந்தார், கொட்டகை வாசலில் நின்று சாவியை நீட்டினார். அக்கா கை நீட்டவில்லை. தங்கை விஷயத்தைச் சொல்லி, இந்த ஒரு சீசன் மட்டும் கீழ் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம் என்று கேட்டார்.

சாவிக்கொத்து சிரித்தார். "பிள்ளை பெத்துக்கறதுக்கு உலகம் பூரா இடம் இருக்கு தாயி. வெளிநாட்டுக்காரன் கடலைப் பாக்கறதுக்கு இந்த ஒரு தெருதான் இருக்கு."

அக்கா, நீட்டிய சாவியை அவர் பக்கமே தள்ளினார். பிறகு சொன்னார்: "அப்போ சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. வாங்கினா பன்னெண்டு மாசத்துக்கு வாங்கறேன். இல்லேன்னா வேண்டாம்."

வீட்டில் சண்டை வந்தது. கணவருக்குப் பயம். மழைக்கு இருக்கிற நல்ல கூரையையும் விட்டுவிட்டு வயிற்றுப்பிள்ளைக்காரியோடு ஒழுகுகிற தகரத்தின் அடியில் கிடப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் தங்கையிடமிருந்து வந்தது.

"மாமா, அது என் வயித்துல இருக்கிற வரைக்கும் நனையாது. வெளிய வந்தப்புறம்தான் நனையும். அதுக்குள்ள அக்கா ஒரு வழி பண்ணட்டும்."

அக்கா மற்ற கொட்டகைகளுக்கும் போனார். மேடை போட்டுப் பேசவில்லை, துணி வாங்கப் போகிற இடத்தில் நாலு வார்த்தை. நம்மை மழைக்கு வைத்திருப்பது தயவுக்கா, சுவருக்கா? கேட்டவர்களில் பாதிப்பேர் சாவி வாங்கவில்லை. மீதிப்பேர் வாங்கினார்கள். முதலில் மறுத்த ஆட்டோக்காரர் மனைவி, பாதி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும், போய் வாங்கிக்கொண்டார். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா மூட்டை கட்ட உதவினார். "போங்க, போய் நிம்மதியாத் தூங்குங்க. ஜன்னலை மட்டும் திறந்து தொலைச்சிடாதீங்க."

அந்த மழை லேசில் விடவில்லை. தகரத்தில் ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்து வைத்து, சமைக்கப் பாத்திரம் இல்லாமல் போனது. தங்கையின் கட்டிலை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் ஒழுகாத ஒரு மூலையில் நிறுத்தினார்கள். மற்ற இரண்டு பேரும் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்கினார்கள். பலதடவை அக்கா, தான் செய்தது பைத்தியக்காரத்தனமோ என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். நினைத்தும் போய்ச் சாவி கேட்கவில்லை. வீரம் என்று நான் மதிப்பது இதைத்தான். சந்தேகமே வராதவனுடைய வீம்பை அல்ல.

அங்கே காலியாகக் கிடந்த வீடுகளுக்குச் சாவிக்கொத்து ஒரு ஏற்பாடு செய்தார். மழையில் அந்தத் தெருவில் அவர் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. ஈரம் என்றால் வெளியிலிருந்து உள்ளே வருவது என்றுதான் அவருக்குத் தெரியும். ஆகவே ஜன்னல், வென்டிலேட்டர், கதவு இடுக்கு எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, காற்றுகூடப் புகாமல் அடைத்தார். ஒரு சொட்டு உள்ளே போகாது என்று டீக்கடையில் பெருமை வேறு. அவர் சொன்னது நிஜம். சொட்டு உள்ளே போகவில்லை. தரையிலும் சுவரிலும் ஏற்கனவே இருந்த ஈரம் வெளியேயும் போகவில்லை.

மழை முடிவதற்குச் சில வாரம் இருக்கையில் ஒரு வெளிநாட்டு அம்மா முன்கூட்டியே வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற நர்ஸ், தனி ஆள். வெயிலோ மழையோ வெள்ளைக் குடை இல்லாமல் வெளியே வரமாட்டார், அதனால் குடையம்மா. அக்கா இருந்த வீட்டின் மாடிக்குத்தான் சில வருஷமாகச் சீசனில் வருவார். சாவிக்கொத்து சாவியைத் திருப்பினார். கதவு ஊதிப்போய் அசையவில்லை. தோளால் இடித்துத் திறந்தார்கள். உள்ளேயிருந்து வந்த வாடையில் குடையம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே திரும்பிவிட்டார். மெத்தையெல்லாம் பச்சையும் கருப்புமாகப் பூசணம். போன வருஷம் அலமாரியில் விட்டுப்போன உடுப்புகள் பாசி பிடித்த கல் போலிருந்தன. சுவரில் சுண்ணாம்பு கொப்பளித்து நின்றது.

சாவிக்கொத்து வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, வீட்டுக்கு ராசி போய்விட்டது, ஏதாவது பரிகாரம் செய்யுங்கள் என்றார். இந்தச் செய்தி கொட்டகைக்கு வந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "ராசி எங்கயும் போகலை. நாங்கதான் போயிட்டோம்."

குடையம்மா விசாரித்துக்கொண்டு, பஸ் பிடித்து, கொட்டகைக்கே வந்துவிட்டார். அரைகுறை வார்த்தையும் கைஜாடையுமாகப் பேச்சு நடந்தது. மழையில் வீடு சும்மா பூட்டிக் கிடப்பதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார். இஸ்திரி போட்ட விரிப்போடு வாசலில் நின்றவருடைய வீட்டில்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறோம் என்று புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அக்கா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். குடையம்மா, வயிறு முட்டி நின்ற தங்கையின் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார்.

அப்புறம் வீட்டுச் சொந்தக்காரரே வந்தார். தலைநகரில் துணிக்கடை வைத்திருப்பவர், மரியாதையான மனிதர். தகர வாசலில் குனிந்து நின்று, கூலி எவ்வளவு வேண்டுமானாலும் கேளம்மா, ஆள் கூட்டிவந்து வீட்டைப் பழையபடி ஆக்கிக் கொடு என்றார்.

"கூலிக்கு வந்தா இன்னிக்குத் துடைப்பேன் சார். நாளைக்கு மறுபடி பூக்கும். மனுஷங்க குடியிருந்தாத்தான் வீடு காயும்."

"சரி, வந்து இரு. யார் வேண்டாம்னா?"

"வெயில்லயும் இருப்பேன். கீழ் வீடு எங்களுக்கு, வருஷம் பூரா. மாடியை யாருக்கு வேணாலும் விடுங்க, மழையில அதையும் நான் பாத்துக்கறேன். எழுதிக் குடுங்க."

சாவிக்கொத்துக்குப் பொறுக்கவில்லை. கடல் பார்க்கிற வீட்டில் கரிப்பெட்டியா என்றார்.

"நீங்க ஒட்டின பிளாஸ்டிக்குக்கு எம் பெட்டி தேவலாம் அண்ணே" என்றார் அக்கா. வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுப்பது கொஞ்சம் கஷ்டம். அன்றே எழுதிக் கொடுத்தார். மறுநாளே அக்கா பெட்டியோடு போய், பிளாஸ்டிக்கைக் கிழித்து, கீழும் மாடியும் காயவைத்தார், குடையம்மாவும் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

கடைசி மழையில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கீழ் வீட்டுக்கு வந்தது. அன்று அக்கா செய்த முதல் வேலை, சுவரில் ஒரு ஆணி அடித்து, குழந்தைத் துணிப் பையை அதில் மாட்டியதுதான். பிடுங்க வேண்டாத ஆணி. குழந்தை அழுத அழுகைக்கு மாடியிலிருந்து குடையம்மா இறங்கி வந்தார். தூக்கம் கெடுகிறதே என்று சண்டைக்கு வருகிறார் என நினைத்தார்கள். அவர் நர்ஸ் கையால் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் எடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சீசன் தொடங்கியதும் சாவிக்கொத்து குடையம்மாவின் வாடகையை ஏற்றி, கீழே ஆள் வைத்த நஷ்டம் என்று காரணம் சொன்னார். குடையம்மா நேராகக் கீழே வந்து கேட்டார். இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒரே லாரித் தண்ணீருக்கு, ஒரே சமையல் காஸுக்கு, மாடியில் ஒரு விலை, கீழே ஒரு விலை. கீழே இருப்பவரிடம் மாடியைக் காட்டி, மாடியில் இருப்பவரிடம் கீழ் வீட்டைக் காட்டி நடந்த வியாபாரம். வெளிநாட்டுக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் பகை என்று ஊரில் பேசிக்கொள்வதை நான் நம்பாததற்கு இது ஒன்று போதும். இப்போது தண்ணீர் லாரியை அக்காவே கூப்பிடுகிறார், இருவருக்கும் சேர்த்து.

தெரு முழுக்க மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். வருஷக் குடியிருப்பு கிடைத்தது சில வீடுகளில்தான். சில வீட்டுக்காரர்கள் ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள், மின்சாரம் இருக்கிற வரைக்கும் அது ஓடும். மற்ற கொட்டகைகளில் மூட்டைகள் இன்னும் வருஷத்துக்கு இருமுறை ஏறி இறங்குகின்றன. ஆட்டோக்காரர் மனைவி அடுத்த மழைக்குச் சாவி வாங்கப்போவதில்லையாம். அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நீங்களும் ஒருநாள் அப்படியொரு தெருவில் வாடகைக்கு வீடு தேடுவீர்கள். புரோக்கர் கதவைத் திறப்பார், சுவர் பளிச்சென்று இருக்கும், கடல் தெரியும். கடலைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள், ஆணி பிடுங்கி அடைத்த ஓட்டைகள் தெரியும். போன மழையில் இங்கே யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை சாவியை வாங்காதீர்கள்.