மாப்பிள்ளை விசாரிப்பும் ராக் இசைத் தலங்களும்

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி அவருடைய ஊரிலேயே போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு இரண்டு விதிகள் உண்டு. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். விசாரிக்கத்தான் வந்திருக்கிறோம் என்பதை ஒருவருக்கும் தெரியவிடக் கூடாது. இந்த இரண்டாம் விதியின் விளைவாக, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைநாளில், கம்பம் பள்ளத்தாக்கின் ராக் இசைத் தலங்கள் அனைத்தையும் ஒரே பகலில் டாக்சியில் தரிசிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அப்படியோர் இசை அங்கே இருந்தது என்பதே அன்று காலைவரை எனக்குத் தெரியாது.

நான் அப்போது மதுரையில் தமிழ் இலக்கியம் முதுகலை முதலாண்டை முடித்துவிட்டு விடுமுறைக்குத் தேனி வந்திருந்தேன். அப்பாவுக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. தரகர் கொண்டுவந்த ஜாதகம் பொருந்திவிட்டது. பையன் கம்பத்துக்காரர், அரசு உத்தியோகம். விசாரிப்பிலும் தேறிவிட்டால் ஆவணியில் கல்யாணம். என் இரண்டாம் ஆண்டுப் படிப்பு தொடங்காமலே முடிந்துவிடும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தியாக யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

விசாரிப்புக்குப் பெண்ணையே அழைத்துப் போவது வழக்கமில்லை. அது அப்பாவின் அக்காவான என் அத்தையின் யோசனை.

“நாம ரெண்டு பேரு மட்டும் டாக்சியில போயி எறங்குனா ஊருக்கே தெரிஞ்சுபோகும் தம்பி. வயசுப்பிள்ள பூ வச்சு சன்னலோரம் உக்காந்திருந்தா, கோயிலுக்குப் போறாகன்னு நெனச்சுக்கிருவாக.”

ஆக, என் கல்யாணத்துக்கான பயணத்தில் என் பங்கு, அது கல்யாணத்துக்கான பயணமல்ல என்று காட்டுவது. பூ வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். வீரபாண்டிக் கோயிலை அம்பாசிடர் நிற்காமலே கடந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அப்பா, வெளியே வயலைப் பார்த்தபடி, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் ஓட்டுநரிடம் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். “நமக்குத் தெரிஞ்சவுக மகன். உனக்குப் பழக்கமுண்டா?”

ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பினார்.

“அவரையா கேக்குறீக மொதலாளி? கிட்டார்க்காரரு! மொத்தக் குழுவும் இந்த வண்டியிலதான போகும், மேல கேரியர்ல டிரம்ஸக் கட்டிக்கிட்டு! அஞ்சு வருசமாச்சு, ஒரு மனுசன் அவுகளப் பத்திக் கேக்கலையேன்னு இருந்தேன்.”

“கிட்டாருன்னா?” என்றார் அத்தை.

“வீணையத் தரையில வைக்காம தோள்ல மாட்டிக்கிறது ஆத்தா.”

“அப்பக் கச்சேரியா?”

“கச்சேரியெல்லாம் யாரு வேணும்னாலும் பண்ணலாம். இது ராக்கு. நீங்க உக்காருங்க, ஒரு எடம் விடாமக் காட்டுறேன்.”

வேண்டாம் என்றால் எதற்காகக் கேட்டோம் என்று சொல்ல வேண்டிவரும். அப்பா, “அப்படியா?” என்றார். ஓட்டுநர் அதை ரசிகனின் ஆவலாக எடுத்துக்கொண்டார்.

முதல் தலம் சின்னமனூரில் ஓர் அரிசி ஆலையின் மூட்டைக் கிட்டங்கி. தலபுராணங்களுக்குரிய இலக்கணப்படி இடத்தின் பெருமை முதலிலும் நிகழ்ந்த அற்புதம் பின்னரும் வந்தன. பெருமையை ஓட்டுநர் சொன்னார். ஐந்து பேர் கொண்ட அந்தக் குழு, ஆலை ஓடும் நேரத்தில் மட்டும் அங்கே ஒத்திகை பார்த்ததாம். ஆலைச் சத்தத்தில் இவர்கள் சத்தம் வெளியே தெரியாது. அற்புதத்தை ஆலையின் மேஸ்திரியே வந்து சொன்னார்.

“ஒருநா பெல்ட்டு அந்துபோச்சு. மில்லு நின்னுருச்சு, சத்தம் மட்டும் நிக்கல. கூலியாளுக பேயின்னு ஓடிட்டாக. அப்பறம் கிட்டங்கியத் தொறந்து பாத்தா, இவுக!”

அப்பா தம் கேள்வியை நுழைத்தார். “பையன் பழக்கவழக்கமெல்லாம் எப்படி?”

“ரொம்ப மோசமுங்க. ஒரு பாட்டையும் முழுசா முடிக்க மாட்டாக.”

அப்பாவிடம் ஒரு பட்டியல் இருந்தது: குடி, சீட்டு, சேர்க்கை. பாட்டை முடிக்காமல் விடுவது அதில் இல்லை.

இரண்டாம் தலம் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறத்துக் காலியிடம். குழுவின் பொதுமேடை நிகழ்ச்சி அந்த ஒன்றுதான். தோட்டங்களின் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் விடும் நேரம் எது என்பதை நாள்குறித்தவர்கள் பார்க்கவில்லை. நிகழ்ச்சி தொடங்கிய சற்று நேரத்தில் பள்ளத்தாக்கிலுள்ள கிணறுகளிலெல்லாம் மோட்டார் போட்டுவிட்டார்கள். மின்னழுத்தம் விழுந்து விளக்குகள் மின்மினிகளாயின, ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை.

“ஆனா அவரு நிறுத்தலையே!” என்றார் ஓட்டுநர். “கால்மணி நேரம் சத்தமே இல்லாம வாசிச்சாரு, கண்ணை மூடிக்கிட்டு. சனம் அப்பத்தான் கைதட்டுச்சு.”

“சத்தம் நின்னுருச்சுன்னு தட்டியிருப்பாக,” என்றார் அத்தை.

ஓட்டுநர் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தக் காலியிடத்தை அவர் பார்த்த விதத்தில், நானும் ஒரு கணம் பார்த்தேன். எருக்கஞ்செடிகளும் ஒரு குப்பைக்குழியும் இருந்தன. யார் காதிலும் விழாத ஒன்றைக் கால்மணி நேரம் வாசித்தவர் என்ற செய்தியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அது அவருக்கு ஆதரவான செய்திதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதும் இறுதியானதுமான தலம் கம்பத்தில் ஒரு மைக்செட் கடை. சுவரில் ஆணியில் கிட்டார் தொங்கியது. ஆறு கம்பிகளில் இரண்டுதான் மிச்சம்.

“மத்ததெல்லாம் கொழாயக் கட்ட எடுத்துக்கிட்டேன்,” என்று கடைக்காரர் வாசலிலிருந்த குழாய் ஒலிபெருக்கியைக் காட்டினார். “நல்லா ஒழைக்குது.”

“இதை ஏன் இங்கன விட்டுட்டாரு?” என்று அப்பா கேட்டார்.

“அவுக அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாக. கிட்டாரோட திரியிறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்னு. மறுநாக் காலையில கொண்டாந்து வச்சுட்டாரு. இன்னைக்கு வரைக்கும் தொடல.”

அப்பாவின் முகம் அன்று முதல்முறையாகத் தெளிந்தது. “ஒத்தை வார்த்தைக்கு விட்டுட்டாரா!” என்று அத்தை தாடையில் கைவைத்தார். “தங்கமான பிள்ள.”

வண்டிக்குத் திரும்பும்போது ஓட்டுநர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “வச்சப்ப நானும் நின்னேன் தங்கச்சி. அழுதுருவாரோன்னு பயந்தேன். மணி என்னன்னு கேட்டாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சாம்.”

திரும்பும் வழியில் அப்பாவும் அத்தையும் மண்டபம் பிடிப்பது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். விதி இரண்டை மறந்துவிட்டார்கள். நான் என் வாக்கியத்தை உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர்வரை மனத்துக்குள் திருத்திக்கொண்டே வந்தேன். சொன்னபோது அது சிறியதாகவே இருந்தது.

“அப்பா, இவரு வேண்டாம்.”

“ஏண்டி, கிட்டாருக்காகவா?” என்றார் அத்தை. “அதத்தான் விட்டுட்டாரே!”

“விட்டதுக்காகத்தான் அத்தை. தன்னோடதையே ஒத்தை வார்த்தைக்குக் கீழ வச்சவரு, என்னோடதைக் கீழ வைக்கச் சொல்றப்ப அது பெருசுன்னே அவருக்குத் தெரியாது. நான் எம்.ஏ. முடிக்கணும்.”

வண்டி மெதுவானது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தார்.

“அப்ப இது… மாப்பிள்ள விசாரிப்பா மொதலாளி?”

அப்பா மறுபடியும் வெளியே வயலைப் பார்த்தார். “நான் பாட்டுக்காக வந்திருக்கீகன்னுல்ல நெனச்சேன்,” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். எங்கள் மூவரில் யாரும் அவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

அப்பா இரண்டு நாள் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தரகர் வந்தார். மகள் வேண்டாம் என்கிறாள் என்று ஒரு தகப்பன் தரகரிடம் சொல்ல முடியாது. அப்பாவுக்குக் கௌரவமான ஒரு காரணம் தேவைப்பட்டது.

“பையன் கிட்டார் வாசிச்சவராமே,” என்றார்.

“அதை விட்டு அஞ்சு வருசமாச்சே மொதலாளி!”

“வாசிச்சது வாசிச்சதுதான.”

கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். பெண் கிடைக்க வேண்டுமென்று கிட்டாரைக் கைவிட்டவருக்குக் கிட்டாரின் பெயராலேயே பெண் மறுக்கப்பட்டது. வெளியே வந்து, காரணம் அதுவல்ல, அதற்கு நேரெதிரானது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு மறுபடியும் தொடங்கும். ஆனியில் இரண்டாம் ஆண்டுப் படிப்புக்காக மதுரைக்குப் பேருந்து ஏறினேன்.

தரகர்கள் ஓரிடத்துச் செய்தியை அங்கேயே விட்டுவைப்பவர்கள் அல்லர். அந்த ஆண்டில் கம்பத்துக்காரருக்கு இன்னும் இரண்டு சம்பந்தங்கள் அதே காரணத்தால் தட்டிப்போயின என்று அத்தை கடிதத்தில் எழுதியிருந்தார். உண்மைக் காரணத்தை அவருக்கு நான்கு வரிகளில் எழுதி அனுப்பியிருக்க முடியும். ஜாதகத் தாளின் பின்புறத்தில் முகவரி இருந்தது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை.