கங்கையாவின் கழுத்து

தேவயானியைப் பற்றி ஆந்திர எல்லை ஊரான நகரியில் யாரைக் கேட்டாலும் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். பல்லி விழுந்தால் தெருவுக்கு ஓடுவாள், தெருவில் நாய் குரைத்தால் வீட்டுக்குள் ஓடுவாள். அப்படிப்பட்டவள் எம்பிபிஎஸ் முடித்து, திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது, பவர்லூம் ஓட்டும் அவளுடைய நைனா சண்முகம் அக்கம்பக்கமெல்லாம் ஸ்வீட் கொடுத்தார்.

"எங்க பொண்ணுக்கு இனிமே இன்னா பயம்? அதான் டாக்டர் ஆயிடுச்சே!" என்றார்.

பயப்படுவதற்கே சம்பளம் தருகிற வேலையில் மகள் சேர்ந்திருக்கிறாள் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

மேற்படிப்பு என்றால் புத்தகம் படிப்பது என்று நினைத்துச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாந்து போவார்கள். முதலாண்டு மாணவி பார்த்துச் சொன்னதை இரண்டாமாண்டு மாணவர் நம்புவார். அவர் சொன்னதைப் பேராசிரியர் நம்புவார். அதை வைத்து நோயாளிக்கு மருந்து மாறும், படுக்கை மாறும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தேவயானியின் இரண்டு கண்கள்தான். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. யூனிட் தலைவர் பாலசுப்பிரமணியன் கத்துகிறவராக இருந்திருந்தாலாவது தேவலை. அவர் "பாத்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் மறு கேள்வி கிடையாது, அப்படியே நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையைக் கண்டுதான் அவள் நடுங்கினாள்.

மாமரங்கள் பூத்திருந்த சமயத்தில் பாலசமுத்திரத்திலிருந்து கங்கையாவைக் கொண்டுவந்தார்கள். பூவுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தவர். ஸ்பிரேயரின் மூக்கு அடைத்துக்கொண்டதும், அங்கே எல்லோரும் செய்வதைப் போல வாயில் வைத்து உறிஞ்சி எடுத்திருக்கிறார். அடைப்பு போனது, மருந்து வயிற்றுக்குள் போனது. வாயில் நுரை, கடுகாகச் சுருங்கிய கண்மணி, நெஞ்செல்லாம் சளி. எல்லைப்புறத்துத் தமிழ் நோயாளிகள் வந்தாலே சீனியர் சுதீர் தேவயானியைத்தான் அனுப்புவான், அவனுக்குத் தெலுங்கு மட்டும்தான் சரளம். ஐசியுவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊசி போட்டு, நாடி பார்த்து, ஒருவழியாக அவள் அவரைக் கரையேற்றினாள். மூன்றாம் நாள் காலையில் அவர் இட்லி கேட்டார். பெண்டாட்டி ரத்தினம்மா தேவயானியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பூச்சிமருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியாகும் நேரம் பார்த்து அது திரும்ப வரும். முதலில் கழுத்துச் சதை தளரும், அப்புறம் மூச்சு விடும் சதைகள். மூச்சு எந்திரம் வைக்காவிட்டால் ஆள் பேச்சுமூச்சில்லாமல் போய்விடுவார். அதனால் படுத்திருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்க முடிந்தால் பயமில்லை.

இட்லி கேட்ட அதே காலை ஐசியுவில் ஒரு படுக்கை அவசரமாகத் தேவைப்பட்டது. ரவுண்ட்ஸ் தொடங்கப் போகிறது என்று சுதீர் விரட்டினான். தேவயானி ஓடிப்போய், "எங்க, தலைய தூக்குங்க பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே நாடித்துடிப்பைக் குறித்தாள். நிமிர்ந்தபோது கங்கையாவின் தலை மேலே இருந்தது. "சரி, சரி" என்றாள்.

"கழுத்து?" என்றார் பாலசுப்பிரமணியன்.

"நல்லா தூக்குறாரு சார்."

"பாத்தியா?"

"பாத்தேன் சார்."

கங்கையாவை ஜெனரல் வார்டுக்கு மாற்றினார்கள். யூனிட் மொத்தமும் ஓபிக்குப் போனது.

ஓபியில் வழக்கமான கூட்டம். மலைக்கு நடந்து ஏறும்போது மயங்கி விழுந்த ஒரு மொட்டைத் தலைப் பெரியவரை மகன் கூட்டி வந்திருந்தான். மேஜையில் படுத்திருந்தவரை எழுந்து உட்காரச் சொன்னாள் தேவயானி. யாரும் சொல்லாமலே மகனின் கை அப்பாவின் கழுத்துக்கு அடியில் போய் அவரைத் தூக்கிவிட்டது.

தேவயானி அந்தக் கையையே பார்த்தாள்.

கூட இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. வாயைத் திற என்றால் அவர்கள் தாடையைப் பிடிப்பார்கள், கையை நீட்டு என்றால் அவர்களே நீட்டிவிடுவார்கள். காலையில் ரத்தினம்மா எங்கே நின்றாள்? தலைமாட்டில். அவள் கை எங்கே இருந்தது? எவ்வளவு யோசித்தும் தேவயானிக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் பார்க்கவில்லை. தலை மேலே இருந்ததைப் பார்த்தாள். அது எழும்பியதைப் பார்க்கவில்லை.

உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி பாலசுப்பிரமணியன் உட்கார்ந்திருந்தார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னேன் என அவரிடம் எந்த வாயால் சொல்வது? காலையில் இட்லி சாப்பிட்டவருக்கு என்ன ஆகப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு சர்க்கரை நோயாளியைப் பார்த்தாள், ஒரு இருமலைப் பார்த்தாள், என்ன எழுதினோம் என்றே தெரியாமல் எழுதினாள். கடைசியில் எழுந்துவிட்டாள்.

"சார், அந்த கங்கையா... கழுத்த நான் சரியா பாக்கல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "போ" என்றார். சுதீரும் பின்னாலேயே ஓடி வந்தான்.

வார்டின் கோடியில் ரத்தினம்மா உதட்டில் விரலை வைத்து அவளைத் தடுத்தாள்.

"ஷ்... மெதுவா டாக்டரம்மா. இப்பதான் நல்லா தூங்கினு கீறாரு. எழுப்பாதீங்க."

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா. அவர தொடாதீங்க."

கங்கையா தூங்கவில்லை. கூப்பிட்டதும் இமை பாதி திறந்தது. கண்ணில் இருந்த திகிலைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவர் நெடுநேரமாக யாரையாவது கூப்பிடப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. தலையைத் தூக்கச் சொன்னாள். நெற்றி சுருங்கியது, தாடை இறுகியது, தலை தலையணையை விட்டு அசையவில்லை. ஒரே மூச்சில் ஒன்று இரண்டு எண்ணச் சொன்னாள். இரண்டைத் தாண்ட மூச்சு இல்லை.

"ஏமைந்தி?" என்று தெலுங்கில் என்ன ஆனது எனக் கேட்டபடி வந்த சுதீர் பதிலுக்குக் காத்திராமல் ஆக்சிஜன் பையை எடுத்து அவர் முகத்தில் பொருத்தி அமுக்கத் தொடங்கினான். தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு எல்லோரும் ஐசியுவுக்கு ஓடினார்கள். படுக்கை இல்லை. மூலையில் ஒருவரை நகர்த்தி இடம் பண்ணி, குழாய் போட்டு, எந்திரத்தில் சேர்க்கும் வரை அந்தப் பையைக் கையாலேயே அமுக்கினார்கள். தேவயானியின் முறை வந்தபோது, ஒரு தடவை தப்பினால்கூட இவர் போய்விடுவார் என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் அவள் தலையில் இல்லை.

பாலசுப்பிரமணியன் வந்து பார்த்தார். நாடி இருந்தது. சதை தேறும் வரை எந்திரம்தான் மூச்சு விட வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம், அதற்குள் வேறு எதுவும் வராமல் இருந்தால் பிழைப்பார் என்றார்.

"தோணின உடனே வந்தியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். பயந்துக்கினு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்."

அவர் எந்திரத்தின் அளவுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

வெளியே ரத்தினம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். தேவயானி பக்கத்தில் குந்தி, நடந்ததைச் சொன்னாள். கழுத்துக்கும் மூச்சுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொன்னதும் ரத்தினம்மா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

"காலைல நான்தானே தூக்கி வுட்டேன். ராவுலருந்தே அவருக்கு கழுத்து நிக்கல, இட்லிகூட நான் புட்சிக்கினுதான் துன்னாரு. நீங்க சரி சரின்னீங்க. பாத்துட்டுதான் சொல்றீங்கன்னு நெனச்சிக்கினேன்."

"பாக்கலம்மா. எழுதிக்கினு இருந்தேன். தப்பு என்னுது, உங்க மேல இல்ல."

ரத்தினம்மா திட்டவில்லை. ஐசியு கதவைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

"எந்திரம் வெச்சதுலருந்து உள்ள என்ன வுட மாட்டேன்றாங்க. அப்ப அவர யாரு பாத்துக்குவாங்க?"

தேவயானி சொன்னாள்:

"நான்தாம்மா."

ரத்தினம்மா அவள் முகத்தையே பார்த்தாள். வேறு வழியில்லாததால் தலையாட்டினாள்.