ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கப் பத்து பாகாட் போனேன்

பொங்கல் முடிந்த சனிக்கிழமை பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பத்து பாகாட்டுக்குத் தனியாகப் போனேன். ஊர் சுற்ற அல்ல. ஸ்டெல்லா என்னோடு பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பத்து பாகாட் ஆடைத் தொழிற்சாலையில் இருபது வருடம் நாங்கள் ஒரே மேசையில் தையல் பரிசோதித்தவர்கள். தீபாவளிக்குப் பின் ஒரு கல்யாணத்தில் அவள் எதிரே வந்து சிரித்திருக்கிறாள். நான் அவள் தோளுக்கு அப்பால் பார்த்தபடி நின்றேனாம். "கண்டும் காணாத மாதிரி நின்னா, பெரிய ஆளாயிட்டா" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன்பின் போன் செய்தால் எடுப்பதில்லை.

எனக்கு வயதால் வரும் விழிப்புள்ளிச் சிதைவு, இரண்டு கண்ணிலும். விழித்திரையில் நேர்ப்பார்வைக்கு உதவும் நடுப்பகுதி பழுதாகும் நோய். ஓரம் தெரியும், நடு தெரியாது. ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் அவர் காதுக்கு அப்பால் பார்க்க வேண்டும். அன்று எதிரே நிற்பது யாரென்று பிடிபடுவதற்குள் ஸ்டெல்லா போய்விட்டாள். அடையாளம் காண நான் பட்ட பாடு அவளுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது.

வீட்டிலிருந்து லார்கின் பஸ் நிலையத்துக்கு வாடகைக் கார் இருபது வெள்ளி (ரிங்கிட்). பஸ் டிக்கெட் பதினைந்து வெள்ளி. தூரம் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர், பஸ் ஒன்பதரைக்குக் கிளம்பிப் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்தது எனக்கு வெறும் பஞ்சுப்பொதி. ஏறுமுன் ஓட்டுநரிடம் கேட்டேன்.

"பத்து பாகாட்தான் ஆன்ட்டி. போர்டு பெருசா இருக்கே, பார்க்கலையா?"

"கண்ணு சரியில்ல தம்பி."

"அய்யோ அலமாக், சோரி லா. முன் சீட்டுல உக்காருங்க, எறங்குறப்ப நான் சொல்றேன்."

வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். நேரே பார்த்தால் மரம் மறைந்தது, ஜன்னல் கம்பியைப் பார்த்தால் மரம் வந்தது. கதவைத் திறப்பாளா, திறந்தால் அவள் முகம் ஒரு தடவையாவது முழுசாகத் தெரியுமா என்று மனசு அடித்துக்கொண்டது. அவ்வளவு ஏங்கினேன்.

பஸ் நிலையத்திலிருந்து ஸ்டெல்லா வீட்டுக்கு டாக்சி எட்டு வெள்ளி. கேட்டைத் திறந்தவள் பேசவில்லை.

"ஸ்டெல்லா, நீதானே? குரல் கொடுடி. எனக்கு மூஞ்சி தெரியல."

"வெளையாடுறியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் வெடித்தாள். "சொல்லியிருக்கலாம்ல? உன் மேல கோவத்துல அன்னைக்குக் கல்யாணப் பிரியாணிகூடச் சாப்பிடாம வந்தேன்டி!"

திட்டிக்கொண்டே என் முன்னால் ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். "இங்க நின்னா தெரியுதா? இங்க?" இடது ஓரத்துக்கு வந்ததும், "அங்கேயே நில்லு" என்றேன். ஒரு தோடும் காதோரத்து வெள்ளை முடியும் தெரிந்தன. மாலை பஸ் வரை நாற்காலியை அங்கேயே போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த வழியில் போகிறவர்களுக்குப் பஸ் விவரம் போதும். ஐம்பது தாண்டியவர்களுக்கு இன்னொன்று. போன வருடம் திரைச்சீலை தைத்தபோது நேர்த்தையல் வளைந்து தெரிந்தது. நான் தையல் மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தேன்! அதில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால். கோடு வளைந்தால், நடுவில் கறை விழுந்தால், உடனே கண் மருத்துவரிடம் போங்கள். இந்த நோயில் சில வகைக்குக் கண்ணில் ஊசி போடுவார்கள். அது மிச்சப் பார்வையைக் காப்பாற்றப் பார்க்கும், போனது பெரும்பாலும் திரும்பாது. சிகரெட் வேண்டாம். கீரையும் மீனும் சாப்பிடுங்கள். கடைக்காரர் பேச்சைக் கேட்டுச் சத்து மாத்திரை வாங்காதீர்கள்.

பஸ் ஏற்றிவிட வந்த ஸ்டெல்லா கேட்டாள், "நான் ரொம்பக் கெழவி ஆயிட்டேனாடி?"

"எனக்கெப்படித் தெரியும்? எனக்கு நீ இன்னும் பழைய ஸ்டெல்லாதான்."

அவளுக்கு ஒரே சந்தோஷம், சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கிழவியாவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.