தப்பு வெளியில நிக்கட்டும்

இலங்கையிலேயே முதன்முதலாகக் கிறிஸ்மஸுக்கு ஹெவி மெட்டல் வாசித்த தோட்டத்துக் கலைஞன் நான்தான். பொய். வாசித்தது மாமா. நான் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு அடியைத் தப்புப் பறையில் திரும்பத் திரும்ப அடித்தேன். அதுவும் அடிக்கக் கூடாத அடி.

எனக்கு எல்லாமே ஒன்றொன்றுதான் தெரியும். ஒரு பாட்டு, ஒரு கெட்ட வார்த்தை, ஒரு அடி. பள்ளிக்கூடத்தில் தின்னப் பணிஸ் கொடுப்பதை நிறுத்திய கிழமையே நானும் படிப்பை நிறுத்திக்கொண்டேன். எண்பதுகளின் நடுவில், பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எனக்குப் பத்து வயது.

தோட்டத்துக்குத் தப்படிப்பவர் அப்பா. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று அவர் அடித்தால் நாலு லயத்து வீட்டு வரிசையிலும் விளக்கு எரியும். சனம் அங்கே வரிசையாக நிற்கும். இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று வேலை வாங்கும் கண்டாக்கையா பிரித்துவிடுவார். சாவு வீடு என்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு மட்டும் டவுனிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள்.

அந்த டிசம்பரில் அம்மாவின் தம்பி கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். தோள் வரைக்கும் முடி. முதுகில் ஒரு கரண்ட் கிட்டார். சட்டைப் பையில் ஒரு கெசட்.

"என்னடா தம்பி பாட்டு இது?" என்றாள் அம்மா.

"ஹெவி மெட்டல்க்கா."

"அப்படின்னா?"

"பாரமான இரும்பு."

"கெசட் கடையில வேலைன்னு சொன்னியேடா! இரும்புக் கடையிலயா கெடக்குற?"

மாமா கெசட்டைப் போட்டார். தேயிலை அரைக்கிற மெஷினுக்குப் பேய் பிடித்து, அது கிறிஸ்மஸ் பாட்டுப் பாடினால் எப்படியோ அப்படி இருந்தது. மாதா கோயிலில் நாங்கள் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடும் அதே மெட்டுதான். ஆனால் குழந்தை தூங்காது, தொழுவத்து மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு அழகான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

மாமாவுக்கு ஒரே ஆசை. கிறிஸ்மஸ் காலைப் பூசையில் கோயிலுக்குள் இதை வாசிக்க வேண்டும். கொழும்புக் கடையில் அடுத்தவன் பாட்டைக் கெசட்டில் பதிந்து கொடுப்பதுதான் அவர் வேலை. அவர் வாசித்து ஒருவர்கூட நின்று கேட்டதில்லை.

கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் மாமாவின் தலைமுடியைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார்.

"முதல்ல லயத்துச் சனம் வெளிய வந்து நின்னு கேக்கட்டும் தம்பி. அப்புறம் உள்ள விடுறேன்."

கெட்டிக்காரர். எங்கள் ஊர்க் குளிரில் கரோல் பாட்டுக்கு யாரும் வெளியே வரமாட்டார்கள். கதவிடுக்கில் ஒரு கை நீளும், முறுக்கைக் கொடுக்கும், உள்ளே போய்விடும்.

மாமா சோர்ந்துபோய் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தார். நான் பொழுது போகாமல் அப்பாவின் தப்பை எடுத்துப் போய் எனக்குத் தெரிந்த அந்த அடியை அடித்தேன். மாமா துள்ளி எழுந்தார்.

"மாப்ள! இதாண்டா மெட்டல்! எங்கடா கத்துக்கிட்ட?"

"அப்பா அடிப்பாங்க மாமா."

"இதையே அடி. வேற எதுவும் அடிச்சிராத."

வேறு எதுவும் தெரியாததால் அந்தக் கட்டளை எனக்கு வசதியாக இருந்தது. மாமா வளர்ந்தது நோர்வூட் பக்கத்துத் தோட்டம். அங்கே பெரட்டுக்குச் சங்குதான் ஊதுவார்கள். அது என்ன அடி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்?

கிறிஸ்மஸ் அன்று விடிகாலை மாரியம்மன் கோயில் புனல் ஸ்பீக்கரையும் ஒரு லொறிப் பட்டரியையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். சத்தம் நாலு லயத்துக்கும் கேட்கிற இடம் அதுதான். பெரட்டுக் களம்.

மாமா கம்பியைச் சுண்டினார். புனல் கீச்சென்று ஒரு தரம் கத்திச் செத்தது. வயர் கழன்றுவிட்டது. "நீ விடாத மாப்ள!" என்று குனிந்தார். நான் விடவில்லை.

கீழ் லயத்தில் ஒரு விளக்கு. அப்புறம் பத்து.

"மாமா, எந்திரிக்கிறாங்க!"

"சனத்துக்கு மெட்டல் புரியுதுடா!"

மூடுபனிக்குள்ளிருந்து சனம் வந்தது. முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு. ஆண்கள் கையில் தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. மழையில் கொழுந்து தேங்கிக் கிடந்ததால் தோட்டத்துத் துரை லீவை வெட்டிவிட்டார் என்று நினைத்து, வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். கடைசியாகக் கண்டாக்கையா, ஸ்வெட்டரை உள்வெளியாக மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"எவன்டா லீவு நாள்ல பெரட்டுத் தப்பு அடிச்சது?"

"நல்ல நாள்ல ஒறக்கத்தக் கெடுத்தியேடா! இங்க வா, அந்தக் கைய ஒடிக்கிறேன்!" என்றாள் முன்வரிசை அக்கா ஒருத்தி.

அந்த நேரம் பார்த்து மாமாவின் வயர் பிடித்துக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் பயந்து நிறுத்தவில்லை. முடியை ஒரு சிலுப்பு சிலுப்பி அந்தப் பிறப்புப் பாட்டை அடித்தார் பாருங்கள், எதிர்மலையில் முட்டி அது திரும்பிவந்தது. திட்ட வாயெடுத்த அக்கா கூடையை இறக்கி வைத்தாள். கண்டாக்கையாவின் சப்பாத்துக் கால் அவருக்கே தெரியாமல் தாளம் போட்டது. வரிசையில் நின்ற அப்பாவின் விரல்கள் தொடையில் என் அடியை அடித்துக்கொண்டிருந்தன. முடிந்ததும் ஒருவரும் நகரவில்லை.

"இன்னொருவாட்டி வாசி தம்பி," என்றாள் அந்த அக்கா.

உபதேசியார் சொன்ன சொல் மாறவில்லை. பூசைக்குப் போனபோது கோயில் வாசலில் நின்று, "கிட்டார் உள்ள வரட்டும். தப்பு வெளியில நிக்கட்டும்," என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஊரையே எழுப்பிவிட்டது நான் செய்த தப்புதானே. இந்த அளவோடு விட்டார்களே என்று சந்தோஷமாகப் படியில் உட்கார்ந்தேன்.

அப்பா நிமிரவில்லை. "பரவால்ல மாப்ள. அவன் வெளியில இருப்பான். நீ உள்ள போ. ஆசப்பட்டியே," என்றார் மாமாவிடம்.

மாமா உள்ளே பார்த்தார். பீடத்துக்குப் பக்கத்தில் பாட்டுக்காரர்கள் டோலக்கோடு தயாராக இருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிட்டாரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் மாமா?"

"உள்ள வேர்க்கும் மாப்ள."

பேசும்போது அவர் வாயிலிருந்து ஆவி பறந்தது. அவ்வளவு குளிர். நாங்கள் வெளியிலிருந்தே வாசித்தோம். உள்ளே இருந்தவர்கள் பீடத்துக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

டோலக்கும் தோல்தானே, அது எப்படி உள்ளே இருந்தது என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை. உபதேசியார் சொன்ன தப்பு எது என்று விளங்க எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. அன்று நான் நினைத்ததெல்லாம், என்னோடு சேர்ந்து மாமாவும் தண்டனை அனுபவிக்கிறார், எவ்வளவு நல்ல மனுஷன் என்பதுதான். பாட்டு முடிந்ததும் அப்பா என்னிடமிருந்து தப்பை வாங்கினார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அதை நெருப்பில் காய்ச்சி, விறைப்பாக்கி, மாமாவைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா...

"அப்பா! எவ்வளவு நேரமா கோயில் வாசல்லயே ஒக்காந்து கத சொல்லுவீங்க? பூசைக்கு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. தப்ப எடுத்துக்கிட்டு உள்ள வாங்க."

மகள்தான். இருங்கள், வந்துவிடுகிறேன்.