நிறம் தெரியாத வாரிசு

தாத்தா ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தமாகத் துணி விற்றவர். அப்பா அந்த வியாபாரத்தைக் கவடியாருக்குக் கொண்டுபோய், பணக்கார வீட்டு மணப்பெண்கள் தேடி வரும் பட்டுக்கடையாக மாற்றினார். அவருக்கு நான் ஒரே மகன். எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

பிறவியிலேயே அப்படித்தான், மருந்து கிடையாது என்று கல்லூரி நாட்களில் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நான் சொல்லவில்லை. கடைக்கு வந்தபின் ஆறு வருஷம் சமாளித்தேன். புடவையில் தொங்கும் சீட்டில் நிறத்தின் பெயர் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். சீட்டு கண்ணில் படவில்லையென்றால், போன் வந்ததுபோல் நகர்ந்துவிடுவேன்.

போன ஓணம் முடிந்ததும், புதுக் கல்யாணப் புடவைகளுக்கு நிறம் தேர்வது இனி என் பொறுப்பு என்றார் அப்பா. காஞ்சிபுரத்திலிருந்து சாயம் தோய்த்த நூல்கட்டுகள் வந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை, வெறும் எண்கள். எதிரே அப்பாவும், இருபது வருஷமாகக் கடையில் வேலை பார்க்கும் சேச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு கட்டுகளை எடுத்து, உடலும் கரையும் ஒரே அரக்குச் சிவப்பில் இருக்கட்டும் என்றேன்.

அப்பா கட்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல ஒண்ணு பச்சைல்லா?"

இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இவ்வளவுதானா மக்கா? நீ புடவையைப் பாக்காம ஒதுங்கிப் போறதைக் கண்டு, கடையே உனக்குப் பிடிக்கலைன்னுல்லா நெனச்சேன். ஆறு வருஷமா அதே வெசனம் எனக்கு."

"எனக்கு நேரத்தே, நீ கடைக்கு வந்த புதுசுலயே தெரியும், மோனே," என்றார் சேச்சி. "நீ சொல்லட்டும்னு இருந்தேன்."

அன்றே நிறம் தேரும் பொறுப்பைச் சேச்சி ஏற்றுக்கொண்டார். நெசவும் ஜரிகையும் என் பக்கம் வந்தன. துணியின் தரத்தை விரலால் தொட்டுச் சொல்வதில் நான் மோசமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் காரில் மலையடிவாரத்துக் கல்லாறு வரை போனோம். பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டோம். பேச்சு கடையின் பக்கமே போகவில்லை. திரும்பும் வழியில் அப்பா இருக்கையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். வீட்டை நெருங்கி, பேரூர்க்கடை வரும்வரை நான் அவரை எழுப்பவில்லை.