ஆரோக்கியம் சாரின் கடைசி எச்சரிக்கை

செவ்வாய்க்கிழமை காலை, திருமயம் சாலையில் என் பஞ்சர் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மகள் கவிதாவின் போன் வந்தது. "அப்பா, ஆரோக்கியம் சார் தவறிட்டாங்கப்பா." ஷட்டர் பாதியில் நின்றது. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அதற்குக் காரணம் உண்டு.

புதுக்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சார் கவிதாவுக்கு மேலதிகாரி. அவர்கள் செய்யும் மென்பொருளை வாங்குகிறவர்களும் புரோகிராம் எழுதும் பிள்ளைகளே. அது ஓட ஜாவா என்று ஒன்று வேண்டுமாம். புது ஜாவா போட்டால் கிளம்பாமல் நின்றுவிடுமாம். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனுக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த வாரம், வீட்டில் வேலை பார்த்தபோது கவிதாவுக்கே அப்படி நின்றது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. தான்தான் கெடுத்துவிட்டோம், வேலை போய்விடும் என்று நடுங்கினாள். நான் வீரமாகப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். லேப்டாப் அது பாட்டுக்கு பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"தப்பு ஒங்க பொண்ணு மேல இல்லங்க. கிளம்பலேன்னா ஏன்னு சொல்லணும், என்ன செய்யணும்னும் சொல்லணும். அத நாங்க எழுதல" என்றார்.

அன்றிலிருந்து, இப்படி எந்த அறிவிப்பு எழுதினாலும் வெளியிடுமுன் எனக்குப் போன் செய்து தமிழில் வாசித்துக் காட்டுவார். பயமாக இருக்கிறதா என்று கேட்பார். ஆமாம் என்றால் அழித்துவிட்டு வேறு எழுதுவார். "ஒங்களவிடப் பயந்தவரு இந்த ஜில்லாவுல கெடைக்கமாட்டாருங்க" என்பார்.

போன வாரமும் அழைத்தார். மூச்சு வாங்கியது. ‘இந்த ஜாவாவில் தொடங்க முடியாது. தொடர்ந்தால் கோப்புகள் சேதமாகலாம்’ என்று வாசித்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் லாரிச் சக்கரம், பக்கத்தில் அவசரப்படும் டிரைவர். "நல்லாருக்குங்க சார்" என்றேன். அதை நம்பி அன்றே வெளியிட்டுவிட்டார்.

அடக்கத்தின்போது மண் அள்ளிப் போட்டேன். எங்கோ ஒரு பிள்ளை அந்த இரண்டு வரியைப் படித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. திரும்பும் பஸ்ஸில் நடந்ததைக் கவிதாவிடம் சொல்லிவிட்டேன்.

"சார் கடைசியா எழுதுனதுப்பா. அதுல எப்படிக் கை வைக்கிறது?"

"அவுககிட்ட மறைச்சுட்டேன் ஆத்தா. நீயாவது மாத்து."

அவள் மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். ‘உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. இந்தப் புது ஜாவாவில் இது ஓடாது; பழைய ஜாவா இருபத்தொன்றைப் போட்டு மறுபடி தொடங்குங்கள்’ என்று எழுதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். பயமாக இல்லை என்று இந்தத் தடவை உண்மையாகவே சொன்னேன்; வெளியிட்டாள்.

சார், உங்கள் கடைசி வரிகளை அழித்துவிட்டோம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்களே அழித்திருப்பீர்கள். மன்னித்துப் போய் வாருங்கள்.